கத்துக்குட்டி

கிரிக்கெட் உலகக் கோப்பை வந்தால் நம் பத்திரிகைகளில் ஒரு வார்த்தை தவறாமல் ஆஜராகிவிடும். ‘கத்துக்குட்டி அணி.’ நெதர்லாந்து, கென்யா, நமீபியா... யாராக இருந்தாலும் அதே அடைமொழிதான். 2003-ல் அந்தக் கென்யா அரையிறுதி வரைக்கும் போனது. அப்போதும் விட்டோமா? ‘கத்துக்குட்டி கென்யா அசத்தல்’ என்ற ரீதியில்தான் பாராட்டினோம். டி.வி. முன்னால் முறுக்கைக் கடித்துக்கொண்டு.

‘கற்றுக்குட்டி’தான் பேச்சில் கத்துக்குட்டி ஆகியிருக்கிறது. அதாவது, கற்றுக்கொண்டிருக்கிற சின்னவன். அன்பாகச் சொல்ல வேண்டிய சொல். கல்வி கல்வி என்று இத்தனை பேசுகிற ஒரு சமூகத்தில், கற்கிறவன் என்பது எப்படி ஏச்சு ஆயிற்று?

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவர், ஒரகடத்தில் ஷிஃப்ட் இன்ஜினீயராக இருக்கும் என் நண்பர். வயது நாற்பத்து மூன்று. லேசான தொப்பை, சர்க்கரை ஆரம்பம். டாக்டர் நடக்கச் சொன்னார். இவர் சைக்கிள் வாங்கினார். அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். யூ-டியூபில் எதையோ பார்த்துவிட்டு, ‘சைக்ளோகிராஸ் பழகப்போறேன்’ என்று ஆரம்பித்துவிட்டார்.

பெயர் கேள்விப்படாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். சைக்ளோகிராஸ் என்பது சேற்றிலும் புல்லிலும் மணலிலும் ஓட்டும் சைக்கிள் பந்தயம். மூன்று கிலோமீட்டருக்கு முன்னே பின்னே ஒரு சுற்றுப்பாதை. நடுவில் 40 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகைத் தடுப்புகள், படிக்கட்டு, செங்குத்தான மேடு. ஓட்ட முடியாத இடத்தில் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, மறுபடி தாவி ஏற வேண்டும். பிரான்ஸில் பிறந்த விளையாட்டு. 1902-லேயே அங்கே தேசியப் போட்டி நடந்திருக்கிறது. குளிர்காலத்தில் இதைப் பழகிய ஆக்டாவ் லாபீஸ் என்பவர் 1910-ல் டூர் டி பிரான்ஸில் ஜெயித்தார். அதற்குப் பிறகு இதற்கு மவுசு கூடியது. 1950-ல் உலகச் சாம்பியன் போட்டி தொடங்கியது. இன்றைக்கு இதன் தலைநகரம் என்றால் பெல்ஜியம்தான். மழையில் நனைந்துகொண்டு, மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு, ஊரே திரண்டு நிற்கும்.

ஐரோப்பாவில் இதன் சீசன் செப்டம்பரிலிருந்து பிப்ரவரி வரை. நமக்கோ அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஒரகடம் வட்டாரத்து ஏரிக்கரைகளை அந்த மாதங்களில் பார்த்தவர்களுக்குத் தெரியும், பெல்ஜியத்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்தக் களிமண் டயரில் ஒட்டி, பிரேக்கில் அப்பி, சக்கரத்தையே நிறுத்திவிடும்.

என் நண்பரும் ஓர் ஏரிக்கரையைத்தான் பிடித்தார். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டுவதைவிடச் சேற்றில் விழுவது பத்திரம் என்பது அவருடைய வாதம். மறுக்க முடியவில்லை.

பழகுவதற்கு விசேஷ சைக்கிள் தேவையில்லை. ஆரம்பத்துக்கு ஒரு எம்.டி.பி. சைக்கிள் போதும். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் சேற்றில் பிடிமானம் கிடைக்கும். கஷ்டமெல்லாம் இறங்கி ஏறுவதில். ஓடுகிற வண்டியில் வலது காலைப் பின்னால் சுழற்றி இடது பக்கம் கொண்டுவந்து, ஒற்றைப் பெடலில் நின்றபடியே தரையில் குதித்து, நிற்காமல் ஓட வேண்டும். ஏறும்போது உட்காரும் இடம் நேராக சீட்டில் இறங்கினால் உயிர் போய்விடும். தொடையின் உள்பக்கம் முதலில் பட்டு, வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். நண்பர் முதல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் விழுந்தார். நாலாவது ஞாயிறு, விழாமல் தடுப்பைத் தாண்டி, அந்தச் சந்தோஷத்தில் கையை உயர்த்தி, விழுந்தார்.

கரையோரம் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர் தினமும் இதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் கேட்டேவிட்டார்:

“ஏன் சார், நாங்கல்லாம் சின்ன வயசுல இதே சேத்துல சைக்கிளத் தோள்ல தூக்கிட்டுதான் பள்ளிக்கூடம் போனோம். எவனும் மெடல் குடுக்கல. நீங்க காசு குடுத்து வண்டி வாங்கி, அதையே பண்றீங்க?”

சிரிப்பு வருகிறது. ஆனால் இது சிரித்துவிட்டுக் கடந்துபோகிற கேள்வி இல்லை. ஒருவனுக்குத் தலையெழுத்தாக இருந்த கஷ்டம் இன்னொருவனுக்குப் பொழுதுபோக்காக ஆவதில் ஏதோ ஓர் அநியாயம் இருக்கிறதா, இல்லையா? பசியையும் விரதத்தையும் போல. வயிறு எரிவது இரண்டிலும் ஒன்றுதான். விரதக்காரருக்குச் சாயங்காலம் சாப்பாடு நிச்சயம். ‘போதும்’ என்று சொல்லும் உரிமை கையில் இருப்பவரின் கஷ்டமும் இல்லாதவரின் கஷ்டமும் ஒன்றாகிவிடாது. பெரியவர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. அதற்காக நண்பர் சேற்றில் இறங்கக் கூடாது என்று ஆகிவிடுமா? அவர் யாருடைய கஷ்டத்தையும் கூட்டவில்லை. அவர் விழுவதால் ஏரிக்கு மட்டும்தான் நஷ்டம்.

என்னை உறுத்துவது வேறு. இந்த வட்டாரத்தில் ‘கற்றுக்கொள்பவர்’ என்ற அந்தஸ்துக்கு ஒரு விலை உண்டு. ரொம்பக் குறைந்த விலை.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் விடிகாலையில் போய்ப் பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக இளைஞர்களைக் கொண்டுவந்து கொட்டும். ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கிய 1998-லிருந்து வளர்ந்த உலகம் இது. 2006-ல் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டது. அதற்குள் எத்தனை பேர் வந்து போய்விட்டார்கள்! அந்த பஸ்களில் இறங்குகிறவர்களின் கழுத்து அட்டையைப் படித்தால் ‘ட்ரெய்னி’, ‘அப்ரென்டிஸ்’ என்று நிறையவே இருக்கும். 1961-ம் வருடத்து அப்ரென்டிஸ் சட்டத்தின் 18-வது பிரிவு, இவர்கள் பயிற்சி பெறுகிறவர்கள்தான், தொழிலாளர்கள் அல்ல என்று தெளிவாகவே சொல்கிறது. சம்பளம் கிடையாது, உதவித்தொகை. நியாயமான ஏற்பாடுதான், நிஜமாகவே கற்றுக்கொடுத்தால். கற்றுக்கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன; அங்கே தொழில் படித்து மேலே வந்தவர்கள் எனக்குத் தெரியும். ஆனால் இரண்டே நாளில் பிடிபட்டுவிடும் ஒரு வேலையை ஒரு வருடம் செய்துகொண்டு, வருடம் முழுக்க ‘பயிற்சி’யிலேயே இருப்பவர்களையும் தெரியும். அங்கே கற்பவன் என்றால் மலிவானவன் என்று அர்த்தம். கிரிக்கெட் பக்கத்துக் கத்துக்குட்டியாவது வெறும் கேலிதான்.

இங்கே சைக்கிள் என்றால் இன்னோர் அர்த்தமும் உண்டு. ‘சைக்கிள் டைம்.’ ஒரு வேலையை ஒருமுறை செய்து முடிக்க அனுமதிக்கப்பட்ட நொடிகள். சுமார் நிமிடத்துக்கு ஒரு கார் இறங்குகிற லைன்கள் இருக்கின்றன. அங்கே நிற்பவர் தன் பங்கு வேலையை அந்த நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். வேலை எல்லாருக்கும் அளந்தது, நேரமும் அளந்தது. மெதுவாகக் கற்கிறவருக்கு அதில் இடமில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, கார் கம்பெனி என்றால் அப்படித்தான்.

சைக்ளோகிராஸில் என் நண்பர் கண்டுபிடித்த விஷயம் இதற்கு நேர் எதிர். மாரத்தானில் தூரம்தான் கணக்கு. முதலில் வருகிறவர் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, குளித்து, சாப்பிட்டு, பேட்டியும் கொடுத்துவிடுவார். கடைசி ஆள் பந்தல் பிரிக்கும்போது தன்னந்தனியாக வந்து சேருவார். சைக்ளோகிராஸில் நேரம்தான் கணக்கு. பெரிய போட்டி என்றால் ஒரு மணி நேரம், புதியவர்களுக்கு அரை மணி, முக்கால் மணி. முதல் ஆள் கடைசிச் சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டியதும், மற்றவர்களும் தாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் சுற்றோடு முடித்துக்கொள்ளலாம். அவர் எட்டுச் சுற்று, இவர் ஐந்து சுற்று. ஆனால் இரண்டு பேருக்கும் கிடைத்தது அதே சேறு, அதே மழை, கிட்டத்தட்ட அதே நிமிடங்கள். பாதை சின்னது என்பதால் கடைசி ஆளும் ஜனங்கள் நடுவிலேயேதான் இருப்பார். கூட்டம் அவரையும் கூவி உற்சாகப்படுத்தும். சில சமயம் முதல் ஆளைவிட அதிகமாக.

ரொம்பவும் புகழ்ந்துவிட வேண்டாம். சர்வதேசப் போட்டிகளில் 80 சதவீத விதி என்று ஒன்று இருக்கிறது. முன்னணி வீரர் முதல் சுற்றுக்கு எடுத்த நேரத்தில் 80 சதவீத அளவுக்கு ஒருவர் பின்தங்கிவிட்டால், போதும் தம்பி என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். முன்னால் போகிறவருக்கு வழி மறிக்கக் கூடாதே! உச்சியில் ஜெயிக்கும் வெறியும் சாதாரணமானதில்லை. 2016-ல் பெல்ஜியத்தின் ஜோல்டரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில், 23 வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவு வீராங்கனை ஒருவருடைய சைக்கிளுக்குள் ஒளித்து வைத்த மோட்டார் சிக்கியது. ஆறு வருடத் தடை விதித்தார்கள். கடைசியில் வருகிறவர் சைக்கிளில் மோட்டார் தேட யாருக்கும் தோன்றாது. அந்த நிம்மதி அவருக்கு இருக்கிறது.

டூர் டி பிரான்ஸில் கடைசி ஆளுக்கு ‘சிவப்பு லாந்தர்’ என்று பட்டப்பெயர். ரயிலின் கடைசிப் பெட்டியில் தொங்கும் விளக்கை வைத்து வந்த பெயர். நம் ரயில்களிலும் கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறி இருக்கும், ‘எல்.வி.’ என்று ஒரு பலகையும் தொங்கும். ரயில் கடக்கும்போது ஸ்டேஷனில் இருப்பவர்கள் கவனித்துப் பார்ப்பது அதைத்தான். அது தெரிந்தால்தான் ரயில் நடுவில் அறுந்துபோகாமல் முழுசாக வந்திருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் வந்ததை மட்டும் வைத்து எவரும் ரயில் வந்துவிட்டதாக எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

சின்ன வயதில் நாம் யாரும் இதற்கெல்லாம் வெட்கப்பட்டதில்லை. மணிக்கணக்கில் வாடகை சைக்கிள் எடுத்து, கால் எட்டாமல், பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டோம். முட்டி பெயர்ந்தது. தெருவே பார்த்தது. நாற்பது வயதில் அதே தெரு பார்த்தால் ஏன் கூசுகிறது? நமக்குத் தெரிந்த வேலையின் கௌரவத்தை எல்லா இடத்துக்கும் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு போகிறோம், அதனால் என்று நினைக்கிறேன். ஷிஃப்ட் இன்ஜினீயர் சேற்றில் விழுந்தாலும் ஷிஃப்ட் இன்ஜினீயராகவே விழுகிறார்.

அந்தக் கூச்சத்தை ஒரு மாவட்டமே தாண்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிகள், குவாரித் தொழிலாளர்கள், நர்ஸ்கள். கேலிக்கும் வசவுக்கும் குறைவில்லை. பெண்கள் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். முன்னால் பாரில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அவர்களுக்கு அது பந்தயம் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திராமல் போய்வருகிற விடுதலை. என் நண்பரின் ஞாயிற்றுக்கிழமையை அதோடு ஒப்பிட்டால் அவரே சிரிப்பார். ஆனாலும் ஊர் பார்க்க விழலாம் என்று முடிவெடுக்கிற அந்த ஒரு நொடி இருக்கிறதே, அது இரண்டு இடத்திலும் உண்டு.

ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் கோபுரத்தில் ஏறி ரகசியத்தை ஊருக்கே சொன்ன கதை எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பகுதிதான் எனக்குப் பிடித்தது. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெற அவர் பதினெட்டு முறை நடந்தார் என்கிறது வைணவ மரபு. பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பிய மனிதர், எப்பேர்ப்பட்ட கத்துக்குட்டி!

போன மழைக்காலத்தில் நண்பருக்கு ஒரு ரசிகர் சேர்ந்தார். பக்கத்து மேன்ஷனில் தங்கியிருக்கும் விழுப்புரம் பக்கத்துப் பையன். ஏதோ ஒரு கம்பெனியில் ட்ரெய்னி. யூனிஃபார்மோடு கரையில் உட்கார்ந்து இரண்டு வாரம் பார்த்தவன், மூன்றாவது வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறான்: “சார், ஒரு ரவுண்டு?”

கொடுத்தார். பையன் நன்றாகத்தான் ஓட்டினான். தடுப்பில் இறங்கத் தெரியாமல் தலைகுப்புற விழுந்தான். எழுந்து, பேன்ட்டைத் தட்டிக்கொண்டே, “இதுக்கு எத்தனை மாசம் சார் ட்ரெய்னிங்?” என்றான்.

“கணக்கெல்லாம் இல்ல தம்பி. நானே எட்டு மாசமா விழுந்துட்டிருக்கேன்.”

“முடிச்சா என்ன சார் கிடைக்கும்?”

நண்பர் யோசிப்பதற்குள் ரோட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. பையன் சேறு ஒட்டிய யூனிஃபார்மோடு ஓடினான். அடுத்த வாரமும் சைக்கிள் கிடைக்குமா என்று ஓடிக்கொண்டே கேட்டானாம்.