உடுத்திய துணியும் உடையவர் மானமும்

மனிதன் உடுக்கும் ஆடை உடலை மறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. அவன் வீட்டு நிலையையும் ஊரார்முன் எடுத்துச் சொல்லிவிடுகிறது. ஆதலால்தான் துணிச் செலவில் கணக்கைவிட மானம் முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. பிறர் உடுத்திக் கழித்த ஆடையை விலை கொடுத்து வாங்கித் தம் பிள்ளைக்குப் பண்டிகை நாளில் அணிவிப்பது சிக்கனமா, சிறுமையா? சிறிய கேள்விபோல் தோன்றினும், வறுமையும் மானமும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடத்தைக் காட்டும் கேள்வி இது.

கோல சிலாங்கூர் வட்டாரம் இக்கேள்வியை நன்கறியும். பத்தாங் பெர்சுந்தை என வழங்கி 2007-இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊரையடுத்துத் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரிலேயே தமிழ் மணக்கும் அத்தோட்டத்தில்தான் 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கொன்னியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். உலகச் சந்தையை எட்டிய செல்வம் அம்மண்ணில் விளைந்தது. ஆயினும் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்க்கு ஐப்பசி மாதம் அச்சத்தோடுதான் பிறந்தது.

காரணம் எளிது. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களே இப்பகுதியில் மழை மிகும் மாதங்களுமாகும். பட்டை நனைந்தால் பால்மரம் வெட்ட இயலாது. வெட்டில்லாத நாளில் கூலி குறையும். வரவு சுருங்கும் வேளையில் செலவு விரியும். பண்டிகை முடிந்து மூச்சு விடுவதற்குள் சனவரியில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். இடையே சில ஆண்டுகள் பள்ளித் தவணை மாறியிருந்தும், 2026-இல் மீண்டும் சனவரிக்கே திரும்பியிருக்கிறது. சீருடை, காலணி, புத்தகப்பை என இரண்டாம் சுமையும் முதற் சுமையின்மேல் ஏறிக்கொள்கிறது.

இச்சுமையைத் தோட்டத்து மக்கள் பல வழிகளில் தாங்கினர். மளிகைக் கடையில் பற்று எழுதினர். தவணைக்குத் துணி எடுத்தனர். அக்கம்பக்கத்தார் சேர்ந்து கூட்டுக் கட்டினர். கூட்டு நிதியை 1971-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. சேர்த்த பணத்தோடு கூட்டுப் பிடித்தவர் மறைந்துவிடும் இடர் அதில் இருந்தது. கடனிலோ வேறொரு தீமை. பிள்ளையின் புத்தாடை நிறம் மங்கிய பின்னும் அதற்கான கடன் மங்காமல் இருக்கும். பண்டிகையின் மகிழ்ச்சி ஒரு நாள். அதன் தவணை பல மாதம்.

இன்று இவற்றோடு பண்டல் கடையும் ஒரு வழியாய் வந்திருக்கிறது. சப்பான், கொரியா முதலிய நாடுகளில் கழிக்கப்பட்ட உடைகள் பொதிபொதியாய் இறங்கி, சிற்றூர்க் கடைகளிலும் இரவுச் சந்தைகளிலும் சில ரிங்கிட் விலைக்குக் குவிக்கப்படுகின்றன. கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் பண்டிகைக் கடைகளில் ஒரு பிள்ளைக்கு எடுக்கும் பணத்தில், இங்கே மூன்று பிள்ளைகளுக்கும் எடுத்துவிடலாம். கணக்கு இவ்வளவு தெளிவாயிருந்தும் ஒரு தாயின் கை தயங்குகிறதே, ஏன்?

அத்தயக்கத்தை அறியாமை என்று தள்ளிவிடல் ஆகாது. அதற்கு இரு வேர்கள் உண்டு. முதலாவது, கோடி உடுத்தும் மரபு. நீர் படாத புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவிப் படையலில் வைத்துப் பெரியோர் கையால் பெற்று உடுத்துவது தமிழர் வழக்கம். இரண்டாவது வேர் இன்னும் ஆழமானது. பழந்துணி தமிழர் வாழ்வில் மேலிருந்து கீழே கொடுக்கப்பட்ட பொருளாகவே இருந்துவந்தது. ஊரில் பண்ணையார் வீட்டிலிருந்தும், தோட்டத்தில் துரை பங்களாவிலிருந்தும் வந்த பழைய சட்டை, உடலை மூடியது. கூடவே பெற்றவனைக் கைகட்டி நிற்கவும் வைத்தது. பழந்துணி என்றதும் எழும் கூச்சம் துணியைப் பற்றியதன்று. அந்தக் கைகட்டலைப் பற்றியது.

இதை உணர்ந்தால் விடையும் புலப்படும். பண்டல் கடையில் கொடுப்பவனும் இல்லை, வணங்குபவனும் இல்லை. விற்பவனும் வாங்குபவனுமே உளர். உழைத்த காசைக் கொடுத்து, பிரித்துப் பார்த்து, விலை பேசி எடுக்கும் துணிக்கு எவர்க்கும் நன்றி செலுத்த வேண்டுவதில்லை. மேலும், 2016-இல் சப்பானியப் பழம்பொருள் நிறுவனமொன்று சிலாங்கூரின் சுபாங் ஜெயாவிலேயே பெருங்கடை திறந்தது. வசதியுள்ள இளைஞரும் அத்தகைய கடைகளுக்கு விரும்பிச் செல்கின்றனர். செல்வன் அணிந்தால் இரசனை, ஏழை அணிந்தால் இழிவு என்றால், இழிவு துணியில் இல்லை. பார்க்கும் கண்ணில்தான் இருக்கிறது. கோடியின் புனிதமும் ஆலையில் பிறப்பதன்று. மஞ்சள் தடவும் கையிலும் வாழ்த்தும் வாயிலும் பிறப்பது.

எனினும் சிக்கனம் அறமாவதற்குச் சில எல்லைகள் உண்டு. அவற்றுள் முதலாவது உண்மை. வெளுத்து, தேய்த்து, புதுப்பையில் இட்டுப் பழையதைப் புதியதென்று பிள்ளையிடம் சொல்லும் பெற்றோர் உளர். அன்பினால் சொல்லும் பொய்தான் அது. ஆனால் பள்ளியில் வேறொரு பிள்ளை உண்மையைக் கண்டு நகைக்கும்போது, அக்குழந்தை சட்டைக்காக மட்டும் நாணுவதில்லை. தாயின் சொல்லுக்காகவும் நாணுகிறது. “நம் வரவு இவ்வளவு, இதில் மிச்சமாகும் பணம் உன் புத்தகத்துக்கு” என்று முன்பே கூறினால், அதே சட்டை குடும்பத்தின் இரகசியமாக இராமல் குடும்பத்தின் தீர்மானமாகிவிடும். அண்ணன் போட்ட சீருடையைத் தம்பி அணிவதில் நாணம் எழாததற்குக் காரணம், அங்கே மறைப்பு இல்லை என்பதே.

இரண்டாவது எல்லை நீதி. தந்தையின் மதுவும் வாண வெடியும் குறையாமல், தாயின் சேலையும் பெண்பிள்ளையின் பாவாடையும் மட்டுமே பழையனவாக வந்தால் அதற்குச் சிக்கனம் என்று பெயரில்லை, அது சுரண்டல். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் வரவு செலவைப் பேசுவது கருதத்தக்கது. தன் வலிமையை அறிதலே கணக்கின் தொடக்கம். எளியவரிடமிருந்து பறிப்பது வலிமையாகாது.

மூன்றாவது எல்லை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. ஏழையின் சிக்கனத்தைப் புகழ்வோர் ஏழையின் கூலியை மறந்துவிடக் கூடாது. நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அன்று தீபகற்பத்தில் 900 ரிங்கிட், 2025-இல் 1,700 ரிங்கிட். பழந்துணி மலிவாகக் கிடைக்கிறதே என்பது குறைந்த கூலிக்கு நியாயமாகிவிட்டால், சிக்கனம் உழைப்பவனுக்கே விலங்காகும். சேமிப்பு உரிமைக்கு மாற்று அன்று, உரிமைக்குத் துணை. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அதற்குச் சான்று. கூலியாட்களின் சிறுகாசு ஒன்றுசேர்ந்து தோட்டங்களையே விலைக்கு வாங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வாழ்விடம் இழக்க நேர்ந்த காலத்தில், சேமிப்பே அம்மக்களின் குரலாயிற்று.

ஆகவே, சிறுமை பழைய சட்டையில் இல்லை; கடனுக்கு அஞ்சாத ஆடம்பரத்திலும், பிள்ளைக்கு மறைக்கும் பொய்யிலும், எளியவர்மேல் மட்டும் சுமத்தும் சிக்கனத்திலும் இருக்கிறது. தீபாவளி விடியலில் எண்ணெய் முழுகி வரும் குழந்தைக்கு மஞ்சள் தொட்ட ஒரு சட்டையும், அதன் விலையை மறைக்காத ஒரு தாயும் இருந்தால், அந்த வீட்டில் மானத்துக்குக் குறைவில்லை.