சாதுவான மீன்

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையைக் கலக்கும் மாதங்களில், அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் கிழக்குக் கரையை நாடுவர். முருகைக்கற்களை அயலிற்கொண்ட பொத்துவிலுக்கு இது அந்நியச் செய்தியன்று. நன்னீர் அலங்கார மீன்களிற் பெரும்பாலானவை பண்ணையிற் பிறந்தவை. வீட்டு உவர்நீர்த் தொட்டியில் நீந்துபவையோ பெரும்பாலும் கடலிலிருந்து கவரப்பட்டவை.

வாங்குவோர் முதலிற் கேட்பது, “இது சாதுவானதா?” என்பதே. பிறமீனைக் கடியாது, சிறு தொட்டியில் அடங்குவதே அவர்தம் அகராதியிற் சாது. கோமாளி மீனையும் அவ்வாறே கூறுவர். கடலிலோ அது தான் குடியிருக்கும் கடற்சாமந்தியை நெருங்கும் பெரிய மீனையும் எதிர்த்துத் தாக்கும். எவ்வாறாயினும், தீங்கிழையாமையே இங்குச் சிறைக்குக் காரணமாகின்றது.

பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் கொடாது, இரைதேட விடவும் மறுத்த பெண் தண்டனைக்குள்ளானதாக நபிமொழி கூறும். தொட்டிக்காரரோ உணவளிக்கிறார், உப்பின் அளவையும் வெப்பத்தையும் தவறாது கவனிக்கிறார். ஆகவே குற்றமில்லை என்பர் அறிஞர் பலர்.

எனக்கு அவ்வளவில் மனம் அமைதியுறவில்லை. பேணும் கடமை தொட்டியிலா தொடங்குகின்றது? சுழியோடியைக் குறைகூறல் எளிது. அவன் வீட்டு உலையும் கொதிக்கவேண்டும். ஆனால் வலையிலும் பொலித்தீன் பையிலும் வழியிலேயே மாண்டவற்றை வாங்கியவர் காண்பதில்லை. உயிரோடு வந்த ஒன்றுக்கு அவர் கொடுத்த பணத்தில் அவற்றின் விலையும் அடங்கியிருந்தது.