பொருத்தம் பார்த்தல்

நாய் வளர்க்க நினைப்பவர்களுக்குச் சொல்லப்படும் முதல் புத்திமதி, வீட்டுக்கும் வாழ்க்கை முறைக்கும் ஏற்ற நாயாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பது. வீடு எவ்வளவு பெரிது, குழந்தைகள் உண்டா, பகலில் யார் இருப்பார்கள், மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும் என்று வரிசையாகக் கேள்விகள். விடைகளைக் கூட்டினால் கடைசியில் ஒரு ஜாதியின் பெயர் வந்து நிற்கும். விவேகமான புத்திமதிதான். ஆனால் அதனடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: வீடு முடிந்துபோன விஷயம்; அதற்கேற்ப அமைய வேண்டியது நாய்.

இந்தக் காரியத்துக்கு நாம் உபயோகிக்கும் சொற்களே நம்மைக் காட்டிக்கொடுக்கின்றன. 'ஜாதி நாய்' என்கிறோம். மற்றது 'தெரு நாய்'. ஜாதி உள்ளதற்கு வீடு, இல்லாததற்குத் தெரு. சாதுவானது, சொன்னபடி கேட்பது, குடும்பத்தோடு ஒத்துப்போவது என்ற அடைமொழிகள் மணமகள் தேவை விளம்பரத்திலிருந்து நேராக இறங்கி வந்தவை. கல்யாணத்திலாவது பேருக்கு இரண்டு ஜாதகங்களை வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்கிறார்கள். இங்கே இருப்பது ஒரே ஜாதகம்.

ஜாதி குணத்துக்கு உத்தரவாதம் என்ற நம்பிக்கை, இன்றைய வடிவில், பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் சரக்கு. நியூகாஸிலில் 1859இல் நாய்க் கண்காட்சி நடந்தது. லண்டனில் 1873இல் கென்னல் கிளப் ஏற்பட்டது. அதன்பின் இனத்தூய்மை பதிவேடுகளில் ஏறியது. 2022இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்கள் தந்த தகவல்களையும், 2,000க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்த அது, நாய்க்கு நாய் சுபாவம் வேறுபடுவதில் இனம் விளக்கக்கூடிய பங்கு சுமார் 9 சதவிகிதம்தான் என்றது. மீதியை ஜாதிப்பெயரைக் கொண்டு படிக்க முடியாது. வீட்டுக்கு வரப்போவது அந்த ஒரு நாய். அதன் இனம் அல்ல.

உடம்பு வேறு விஷயம். அதை இனம்தான் தீர்மானிக்கிறது. நம் ரசனை குரூரமாக வேலை செய்திருப்பதும் அங்கேதான். 2003இல் ஒரு கைத்தொலைபேசி விளம்பரத்தில் சிறுவன் ஒருவன் பின்னால் பக் நாய் ஒன்று ஓடியது. பல வீடுகளுக்கு பக் வந்து சேர்ந்தது. நாய் நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். குழந்தை முகம் வேண்டுமென்று மூக்கைச் சப்பையாக்கிய இனத்துக்கு அந்த வழியும் குறுகிப்போயிற்று. சைபீரியப் பனிக்காக இரட்டை ரோமம் பூண்ட ஹஸ்கி, சென்னையின் சித்திரை வெயிலில் குளிர்பதன அறைக்குள் கைதியாக இருக்கிறது. அந்நிய நாய்களோடு இது முடிவதில்லை. முயல் துரத்தப் பழக்கிய சிப்பிப்பாறையை இரண்டு அறைக் குடியிருப்பின் பால்கனியில் கட்டிவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சுதேசி நாயை ஆதரித்த திருப்தி அவர்களுக்கு.

அப்படியானால் தேர்வே கூடாது, வந்ததை ஏற்றுக்கொள்வதே தர்மம் என்று சொல்லிவிடலாமா? மஹாபாரதம் அந்தப் பக்கம் சாய்வது போலத் தெரிகிறது. மஹாபிரஸ்தானத்தில் தருமனைப் பின்தொடர்ந்த நாயை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. அது தானாக வந்தது. மனைவியும் தம்பிமாரும் விழுந்த பிறகும் கூட நடந்தது. நாய்க்கு இடமில்லை என்று இந்திரன் சொன்னபோது, அதைக் கைவிட்டுக் கிடைக்கும் சொர்க்கம் தனக்கு வேண்டாம் என்றான் தருமன். இதுவரை கதை மகத்தானது. பிறகு அந்த நாய் தர்மதேவதை என்று தெரியவருகிறது. நாய் கடைசிவரை நாயாகவே இருந்திருந்தால் அவன் செயலின் மதிப்பு குறைந்திருக்குமா? கதைக்கு அந்தத் துணிவு இல்லை. நாயைக் கடவுளாக்கிய பிறகுதான் அதற்கு நிம்மதி.

நாய் நாயாகவே நிற்கிற ஓர் உதாரணம் லெவினாஸிடம் இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து 1940இல் பிடிபட்டு, ஜெர்மனியில் யூதப் போர்க்கைதிகளின் மரம்வெட்டும் குழுவில் இருந்தவர் அவர். வழியில் எதிர்ப்பட்டவர்களின் பார்வையில் அந்தக் கைதிகள் மனிதர்களாக இல்லை. எங்கிருந்தோ ஒரு தெருநாய் முகாமுக்குள் வந்தது. பாபி என்று பெயர் வைத்தார்கள். காலையில் அணிவகுப்பின்போதும் மாலையில் வேலையிலிருந்து திரும்பும்போதும் குதித்துக் குரைத்து வரவேற்றது. சில வாரங்களில் காவலர்கள் அதை விரட்டிவிட்டார்கள். 1975இல் வெளியான கட்டுரையில் லெவினாஸ் இதை எழுதினார். வம்சாவளி பார்த்து மனிதர்களைத் தரம்பிரித்த ஒரு தேசத்தில், வம்சாவளி இல்லாத ஒரு பிராணி தரம்பிரிக்கவில்லை. அதற்குப் பட்டியல் இல்லை.

நமக்குப் பட்டியல் தேவைதான். பாபியின் வெகுளித்தனம் நமக்கு வாய்க்காது; பொறுப்பில்லாமல் ஏற்றுக்கொள்வதும் கைவிடுவதன் முதல் படியாகலாம். ஆனால் அதே கேள்விகளை வீட்டைப் பார்த்துக் கேட்க வேண்டும். பகலில் யாருமில்லாத வீட்டுக்கு ஏற்ற நாய் எது என்பதைவிட, பகலில் யாருமில்லாத வீட்டுக்கு ஒரு ஜீவனை அழைக்கலாமா என்பது நேர்மையான கேள்வி. 'எதுவுமில்லை' என்ற விடைக்கும் அதில் இடம் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் வாழப்போகும் பிராணி அது. அதற்குள் குழந்தைகள் வெளியூர் போவார்கள், வேலை மாறும், மூட்டு தேயும். இன்று தேர்ந்தெடுக்கிறவனும் அன்று சோறு வைக்கப்போகிறவனும் ஒரே ஆள் என்பதற்கு உறுதியில்லை. பொருத்தத்தை முன்கூட்டிப் பார்த்து முடித்துவிட முடியாது. நாம் கொடுப்பது ஒரு வாக்கு. அதைத் தேர்வு என்று சொல்லிக்கொள்கிறோம்.

கிழநாயைப் பற்றி கான்ட்டும் யோசித்திருக்கிறார். உழைத்து ஓய்ந்த நாயைச் சுட்டுக் கொல்பவன் நாய்க்குரிய கடமையில் தவறவில்லை. தன்னுள் இருக்கும் மனிதத்தன்மைக்குத்தான் ஊறு செய்கிறான் என்பது அவர் வாதம். கடன் நமக்கு நாமே பட்டதாகிவிடுகிறது. நாய் ஒரு சாக்கு. இதை ஏற்க முடியவில்லை. கண் மங்கி, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துக்கொண்டு, எந்தப் பட்டியலின்படியும் பொருந்தாமல் மூலையில் கிடக்கும் அந்த நாய்க்கு நாம் பட்ட கடன் அதற்கேதான். அந்த வீட்டில் ஒருநாளும் பொருத்தம் பார்க்காதது அது ஒன்றுதான்.