கோடு போடும் கை

ஊர் வளர்கிறது. நேற்று நெல் விளைந்த வயலில் இன்று மனைக்கற்கள் முளைத்து நிற்கின்றன. வரப்புகள் அழிகின்றன, வண்ணக் கொடிகள் பறக்கின்றன. வீடின்றி வாடுவோர்க்கு வீடு கிடைக்குமெனில் அதனினும் மகிழ்ச்சி வேறு ஏது? வாழ்த்துவோம். ஆனால் வாழ்த்துமுன் ஒரு கேள்வி: இந்த வளர்ச்சியில் வாழப்போகிறவர் யார்? வழிவிட்டு விலகப்போகிறவர் யார்?

"என் நிலம், நான் விற்கிறேன், கேட்க நீ யார்?" என்பார் நிலமுடையார். நியாயம் போலத் தோன்றும். பத்திரம் அவர் பெட்டியில் இருக்கிறது, மறுப்பாரில்லை. ஆயினும், அந்த நிலத்தில் நாற்று நட்டவள், களை பறித்தவள், கதிர் அறுத்தவள் பெயர் எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? வயல் மனையானதும் கூலி போயிற்று. விலை ஏறியதும், குடிசை போட ஓரிடம் வாங்கலாம் என்ற நம்பிக்கையும் போயிற்று. விற்றவருக்குப் பணம், வாங்கியவருக்கு மனை, உழைத்தவளுக்கு? வாய்க்காலைத் தூர்த்தால் மேட்டு மனைக்குக் கேடில்லை. மழைநீர் தேடிச் செல்வது பள்ளத்துக் குடிசையை! தன் நிலத்தில் ஒருவன் செய்வது தன்னோடு நின்றுவிடுவதில்லை. ஆகவேதான் நிலத்தின் பயன் தனியார் கணக்கு மட்டுமன்று. பொது அறத்தின் கணக்குமாகும்.

சட்டம் இதனை உணராமலில்லை. சென்னை மாகாணத்தில் 1920ஆம் ஆண்டிலேயே நகரமைப்புச் சட்டம் பிறந்தது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், நகரோடு ஊரையும் சேர்த்துக்கொண்டது. பெரிய மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலாக 10 விழுக்காடு நிலம் பொதுவுக்கு என்பது விதி. இருந்தும், ஒப்புதலின்றியே வயல்கள் துண்டாடப்பட்டன. 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் குறுக்கிட்டு, அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதிக்க நேர்ந்தது. மறு ஆண்டே வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தி ஒப்புதலைப் பின்னர் பெறலாம். முன்பே விடாத விளையாட்டுத் திடலைப் பின்னர் எங்கிருந்து பெறுவது?

திட்டமிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். தீராது, தோழர்களே! கோயிலைச் சுற்றி ஒரு தெரு, குளத்தருகே ஒரு தெரு, வயலுக்கு அப்பால் சேரி. இது தானாகவா அமைந்தது? இதுவும் திட்டம்தான்! காகிதத்தில் வரையாமல் கருத்தில் வரைந்த கொடுந்திட்டம்! எனவே, திட்டம் உண்டா என்பதன்று கேள்வி. கோடு போடும் கை எவர் கை? அந்தக் கையை நடத்தும் எண்ணம் எவ்வெண்ணம்? அதுவே கேள்வி.

பிரிக்கும் கோடு சேர்க்கவும் வல்லது. 1997இல் அறிவிக்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம் அதற்குச் சான்று. முதல் குடியிருப்பு, 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. வீடுகள் 100. ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10. வீடு அடுத்திருப்பதாலேயே உள்ளம் அடுத்துவிடும் என்று கூறுவதற்கில்லை. ஆனால், ஒரே தெருவில் வளரும் பிள்ளை, எதிர்வீட்டுப் பிள்ளையை எட்டி நில் என்று சொல்லக் கற்பது எளிதன்று. அந்த அளவுக்கேனும் ஒரு வரைபடம் அறம் செய்ய முடியும்.

ஊர் வளரட்டும், தடுப்பார் வேண்டாம். வரைபடம் விரிக்கப்படும் நாளில், பத்திரம் உடையவரோடு பாடுபட்டவளும் அமரட்டும். வயலின் விலையைக் கேட்குமுன் வாய்க்காலின் வழியைக் கேட்போம். மனைகளை எண்ணுமுன், மனையில்லாதவர் ஊரில் எத்தனை பேர் என்று எண்ணுவோம். அவர்களுக்கு இடம் ஒதுக்கியபின் மிச்சத்தை விற்கட்டும். அவர்களை மிச்சமாக்கி விற்பதற்கு வளர்ச்சி என்று பெயரிட வேண்டாம்!