பகா எண்ணின் மெய்ம்மை

2-இன் 127ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் 39 இலக்க எண் ஒன்று கிடைக்கும். 1-ஐயும் தன்னையும் தவிர வேறெந்த முழு எண்ணாலும் அது மீதியின்றி வகுபடாது. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் அதைப் பகா எண் என்று எழுதினார், நிறுவவில்லை. இவ்வாறு பகா எண்ணைத் தரும் அடுக்குகள் என்று அவர் தந்த பட்டியலில் 67, 257 ஆகியவை பிழையாக இடம்பெற்றிருந்தன. 1876இல் கணிதவியலாளர் லூக்காஸ், காரணிகளை ஒவ்வொன்றாகத் தேடாமல், கையாலேயே கணக்கிட்டு அந்த எண் பகா எண்ணே என்று நிறுவினார். 1951 வரை அறியப்பட்ட பகா எண்களில் அதுவே மிகப் பெரியது.

1876க்கு முன்பும் அது பகா எண்ணாக இருந்ததா? பிளேட்டோவின் வழிவந்தவர்கள் ஆம் என்பர்: கணித உண்மை மனித மனத்தைச் சார்ந்ததன்று, லூக்காஸ் அதைக் கண்டறிந்தார், படைக்கவில்லை. டச்சுக் கணிதவியலாளர் பிரவுவர் கணிதத்தை மனத்தின் ஆக்கமாகவே கொண்டார். ஆயினும் ஓர் எண் பகா எண்ணா என்பதை முடிவுள்ள படிகளில் சோதித்துவிடலாம். ஆகவே அது பகா எண், அல்லது பகா எண் அன்று என்ற கூற்றை அவரது மரபும் ஏற்கிறது.

முடிவிலியில்தான் இரு தரப்பும் பிரிகின்றன. 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கும் இவ்வகைப் பகா எண்கள் முடிவற்றவையா என்பது இன்னும் தீராத வினா. விடை ஏற்கெனவே உறுதியாக உள்ளது என்பது முதல் தரப்பு. நிறுவும் வழி கிடைக்கும்வரை அப்படிச் சொல்ல இடமில்லை என்பது இரண்டாம் தரப்பு. தனி எண்ணைப் பொறுத்தவரை, நிறுவல் உண்மையை அறியத் தருகிறதேயன்றி உண்டாக்குவதில்லை என்ற முடிவே வலுவானது.