பாட்டில் வடிக்கும் கண்ணீர் தவ்பாவாகுமா?

ரமலானின் பிந்திய பத்து இரவுகளில், தொழுகை முடிந்து வீடு திரும்பியதும் நம் இல்லங்கள் பலவற்றில் முனாஜாத்துப் பாடல்கள் ஒலிக்கின்றன. முன்பு வானொலியிலும் ஒலிநாடாவிலும் கேட்டவை இன்று கைப்பேசியில் கேட்கின்றன. கருவி மாறியதே தவிர, கேட்டு நெஞ்சுருகும் வழக்கம் மாறவில்லை. பாவத்தை எண்ணிப் பாடகரின் குரல் தழுதழுக்கும்போது உம்மாமார் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறார்கள். வாப்பாமார் வாய்க்குள் 'யா அல்லாஹ்' என்று முனகுகிறார்கள். பாட்டு முடிகிறது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல் தோன்றுகிறது.

அந்தப் பாரம் உண்மையிலேயே இறங்கியதா? நம் பாவச்சுமை குறைந்ததா, அல்லது அழகான சொற்களைக் கேட்டு மனம் இளகியதா? இரண்டும் ஒன்றுதானா? பாடலாமா, இசைக்கருவி கூடுமா என்ற சட்ட விவாதத்துக்குள் நாம் இங்கே நுழையவில்லை. அதை ஆலிம் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். கைசேதத்தையும் வேதனையையும் பாட்டு எவ்வாறு சொல்கிறது, அதைக் கேட்கும்போது நம் கல்பில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சிந்திப்போமாக.

'நான் தவறு செய்துவிட்டேன்' என்று வெறும் சொல்லால் சொன்னால் அது கேட்பவர் நெஞ்சில் தைப்பதில்லை. ஆகவே புலவர் அணிகளைத் துணைக்கு அழைக்கிறார். பாவத்தைக் கரை காணாக் கடலாகவும், ஆயுளை ஓட்டை விழுந்த தோணியாகவும் உருவகம் செய்கிறார். 'நெஞ்சே!' என்று தம் மனத்தையே எதிரில் நிறுத்திக் கடிந்துகொள்கிறார். விடையை எதிர்பாராத கேள்விகளை அடுக்குகிறார். ஒரே சொல்லை அடிதோறும் திரும்ப வைத்து, மூடிய கதவை விடாமல் தட்டுபவனின் கைபோல ஒலிக்கச் செய்கிறார்.

இராமநாதபுரச் சீமையில் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்து, வடசென்னையில் வாழ்ந்து 1838-ல் மறைந்த மஸ்தான் சாகிபு அவர்களின் கண்ணிகளில் இந்த முறையைக் காணலாம். அவர்களுடைய 'எக்காலக் கண்ணி' என்ற பெயரே ஒரு கேள்விதான். இறைவனை அடையும் நாள் எந்த நாள் என்ற ஏக்கம் கண்ணிக்குக் கண்ணி திரும்பி வந்து, ஒரு மனிதனின் தவிப்பைக் கேட்பவர் அனைவரின் தவிப்பாகவும் ஆக்கிவிடுகிறது. சொல்லத் தெரியாத நமக்கு ஒரு நாவைக் கடனாகத் தருவது இத்தகைய பாட்டின் பெரும் உதவி.

இந்த உதவியை இஸ்லாம் வெறுத்து ஒதுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களை வசைபாடித் திரிந்த கஅபு இப்னு ஸுஹைர், மனம் மாறி அவர்கள் முன் வந்து கவிதை ஒன்றைப் பாடி மன்னிப்புக் கோரினார். பிரிந்து போன காதலியை எண்ணி வருந்தும் அரபு மரபில் தொடங்கிப் பொறுத்தருள வேண்டும் கவிதை அது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைச் செவிமடுத்துத் தங்கள் போர்வையையே அவருக்கு அளித்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அணியும் அலங்காரமும் தம்மளவில் குற்றமில்லை என்பதற்கு இது போதும்.

ஆயினும் திருமறையின் 26-வது அத்தியாயத்துக்குக் 'கவிஞர்கள்' என்றே பெயர். அதன் இறுதியில், பள்ளத்தாக்குகள்தோறும் தட்டழிந்து திரிந்து, தாம் செய்யாததைச் சொல்லும் கவிஞர்களை அல்லாஹ் கண்டிக்கிறான். ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, அவனை அதிகம் நினைவுகூர்வோருக்கு அடுத்த வசனத்திலேயே விலக்கும் அளிக்கிறான். கண்டனம் கவிதையின் மீதன்று. சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் விழும் பள்ளத்தின் மீது. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுவே.

கைசேதப் பாட்டில் இந்தப் பள்ளம் எப்படி உண்டாகிறது? ஆதம் (அலை) அவர்களும் ஹவ்வா (அலை) அவர்களும் தவறிய பின் கேட்ட துஆவை நாம் எல்லோரும் அறிவோம். அதில் உவமை இல்லை, உருவகம் இல்லை. தங்களுக்குத் தாங்களே அநியாயம் செய்துகொண்டதாக ஒப்புக்கொண்டு அவர்கள் மன்னிப்பை வேண்டினார்கள். அதே ஏழாம் அத்தியாயத்தில் இப்லீசும் பேசுகிறான். அவனோ தன்னை வழிகெடச் செய்ததாகப் படைத்தவன் மீதே பழியைப் போடுகிறான். இரு பேச்சுக்கும் உள்ள வேறுபாடு, செய்தவன் யார் என்பதில் இருக்கிறது. ஒன்றில் 'நாங்கள்', மற்றதில் 'நீ'.

இந்த அளவுகோலை வைத்து நாம் கேட்கும் பாடல்களை அளந்து பார்ப்போம். திரைப்பாடல்களில் வரும் சோகத்தைக் கவனியுங்கள். விதி சதி செய்தது, கண் ஏமாற்றியது, பாழும் மனம் கேட்கவில்லை, காலம் கைவிட்டது என்றே பாட்டு நகர்கிறது. உயிரில்லாதவற்றுக்கு உயிர் கொடுத்துப் பேசுவது கவிதைக்கு அழகுதான். ஆனால் அந்த அழகில், செய்தவன் மெல்ல நழுவிப் போய்விடுகிறான். விதி, கண், மனம், காலம் என்று குற்றவாளிக் கூண்டில் எல்லோரும் நிற்கிறார்கள். 'நான்' மட்டும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து அழுகிறேன்!

பக்திப் பாடலுக்கும் இந்த ஆபத்து உண்டு. 'நெஞ்சே!' என்று மனத்தை அழைத்துக் கண்டிப்பது, தன்னைத் தானே நிந்திக்கும் ஆத்மாவாகத் திருமறை கூறும் 'நஃப்ஸுல் லவ்வாமா'வின் குரலாகவும் இருக்கலாம். தவறெல்லாம் அந்த நெஞ்சினுடையது, நான் அதைக் கடிந்துகொள்ளும் நல்லவன் என்று ஒதுங்கிக்கொள்ளும் தந்திரமாகவும் இருக்கலாம். பாட்டின் சொல் ஒன்றே. பாடுபவனின், கேட்பவனின் எண்ணம்தான் வேறு.

உயர்வு நவிற்சியைப் பாருங்கள். 'என் பாவம் கடலினும் பெரிது, மலையினும் கனமானது' என்று சொல்லும்போது நாம் பெரும் பணிவுடன் இருப்பதாக நினைக்கிறோம். ஆனால் கடலுக்குப் பெயர் இல்லை, முகவரி இல்லை. எல்லாப் பாவத்தையும் மொத்தமாக ஒப்புக்கொள்கிறவன், தான் செய்த ஒரு பாவத்தைக்கூடப் பெயர் சொல்லி ஒப்புக்கொள்ளாமல் தப்பித்துவிட முடியும். பொதுவாகப் பிழை பொறுக்கத் தேடுவது ஸுன்னத்தான நல்ல அமல் என்பதில் ஐயமில்லை. அந்தப் பொதுச் சொல், செய்ய வேண்டிய குறிப்பிட்ட செயலை மூடும் திரையாகிவிடக் கூடாது என்பதே நாம் சொல்ல வருவது.

'அழுகை வருகிறதே, கண்ணீர் பொய் சொல்லுமா?' என்று கேட்கலாம். சூரா யூஸுஃபை எடுத்து ஓதிப் பாருங்கள். தம்பியைக் கிணற்றில் தள்ளிவிட்டு வந்த சகோதரர்கள் இரவில் வாப்பாவிடம் அழுதுகொண்டேதான் வந்தார்கள். சட்டையில் பொய் இரத்தம் பூசிக் கொண்டு வந்தார்கள். கண்ணீரும் இருந்தது, கண்ணீருக்கு ஏற்ற அலங்காரமும் இருந்தது. கைசேதம் மட்டும் இல்லை. அதே சூராவில் யஃகூப் (அலை) அவர்களின் துயரமும் வருகிறது. கண்கள் வெளுக்கும் அளவுக்கு அழுதும் அவர்கள் தம் முறையீட்டை அல்லாஹ்விடம் மட்டுமே வைத்தார்கள். பிறகு பல ஆண்டுகள் கழித்து அந்தச் சகோதரர்கள் தாங்கள் தவறிழைத்தவர்கள் என்று வாப்பாவிடமே ஒப்புக்கொண்டு, தங்களுக்காகப் பிழை பொறுக்கத் தேடும்படி வேண்டிய இடத்தில் அழுகையைப் பற்றிய பேச்சே இல்லை. அங்கேதான் தவ்பா இருந்தது.

நல்ல புலவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். நம் ஊர்களில் பல இடங்களில் ஓதப்படும் புர்தா ஷரீஃபை இயற்றிய இமாம் பூஸிரி (ரஹ்) அவர்கள் 13-ம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்தவர்கள். அந்தக் கஸீதாவில் நஃப்ஸைப் பால்குடி மறவாத குழந்தைக்கு ஒப்பிடுகிறார்கள்; நரையை, உபசரிக்கப்படாத விருந்தாளியாகக் காட்டுகிறார்கள். இத்தனை அழகுகளுக்கும் நடுவே திடீரென்று நின்று, செயலில்லாத தம் சொல்லுக்காகவே பாவமன்னிப்புத் தேடுகிறார்கள். மலடிக்குப் பிள்ளை உண்டென்று சொல்வது போன்றது தம் பேச்சு என்று தம்மையே குறைத்துக்கொள்கிறார்கள். ஓர் அணியைக் கொண்டே அணியின் வெறுமையைக் காட்டிய அந்தப் பணிவை என்னென்று சொல்வது! புர்தாவை ராகத்தோடு ஓதும் நாம் அந்த இடத்தில் ஒரு கணம் நிற்கிறோமா?

அனைத்துக்கும் மேலாக ஒரு ஸஹாபியின் வரலாறு இருக்கிறது. கஅபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞர்களுள் ஒருவர், சொல்வன்மை மிக்கவர். ஹிஜ்ரி 9-ல் (கி.பி. 630) தபூக் பயணத்துக்கு எல்லோரும் புறப்பட்டபோது, நாளை ஆயத்தமாகலாம், நாளை போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுப் பின்தங்கிவிட்டார்கள். கனிகள் பழுத்து, நிழல் இனித்த காலம் அது. நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பி வந்ததும் பின்தங்கியோர் எண்பது பேருக்கு மேல் வந்து ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். கஅபு (ரலி) அவர்களின் முறை வந்தது. உலகில் வேறு யார் முன்னிலையில் உட்கார்ந்திருந்தாலும் தம் பேச்சுத் திறமையால் தப்பித்திருக்க முடியும் என்று அவர்களே பின்னர் கூறியிருக்கிறார்கள். ஆனால் அந்தத் திறமையை ஒதுக்கி வைத்துவிட்டு, தமக்கு எந்தக் காரணமும் இல்லை, அதைவிட வலிமையோடும் வசதியோடும் தாம் என்றும் இருந்ததில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். கவிஞர் ஒருவர் கவிதையைக் கைவிட்ட இடம் அது!

அதற்காக அவர்கள் ஐம்பது நாட்கள் ஊராரின் பேச்சை இழந்தார்கள். அன்புக்குரிய பங்காளி அபூகதாதா (ரலி) அவர்களின் தோட்டத்துச் சுவரேறிக் குதித்து ஸலாம் சொன்னபோதும் பதில் கிடைக்கவில்லை. தமக்குப் பழக்கமான பூமியே அந்நியமாகிவிட்டதாகத் தோன்றியது என்று அவர்கள் கூறியதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. பூமி இத்தனை விசாலமாக இருந்தும் அவர்களுக்கு நெருக்கடியாகிவிட்டது என்று திருமறையும் ஒன்பதாம் அத்தியாயத்தில் கூறுகிறது. கவனியுங்கள்! இதுவும் உருவகம் போல்தான் ஒலிக்கிறது. ஆனால் இது சொல்லழகுக்காகத் தேடி எடுத்ததன்று. உண்மையை முதலில் வெறும் சொல்லில் ஒப்புக்கொண்ட ஒரு மனிதர் அனுபவித்த வேதனையின் வடிவம் இது. உண்மை முன்னே போனால் உவமை தானாகப் பின்னால் வரும். உவமை முன்னே போனால் உண்மை வருமென்று நிச்சயமில்லை.

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தவ்பாவின் நிபந்தனைகளைக் கூறியிருக்கிறார்கள். பாவத்தை விட்டு விலகுதல், செய்ததற்குக் கைசேதப்படுதல், இனி அதன்பால் திரும்புவதில்லை என்று உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்று. பாவம் பிற மனிதரின் உரிமையைப் பற்றியதானால், அவருடைய உரிமையை அவரிடம் சேர்ப்பித்தல் என்ற நான்காவது ஒன்று. பாட்டு இவற்றுள் இரண்டாவதைத் தொட்டு எழுப்ப வல்லது. முதலாவதும் மூன்றாவதும் நம் உறுதியைப் பொறுத்தவை. நான்காவதை எந்தப் பாட்டாலும் நமக்காகச் செய்து தர முடியாது.

வாப்பா மவுத்தான பின் ராத்தாவுக்கும் தங்கைக்கும் உரிய பங்கைக் கொடுக்காமல் வைத்திருக்கும் சகோதரர்கள் நம்மிடையே இல்லையா? 'கலியாணத்துக்குச் செலவு செய்தாயிற்றே, சீர் கொடுத்தாயிற்றே' என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பெண்களுக்கும் பங்குண்டு என்று அல்லாஹ் நான்காம் அத்தியாயத்தில் வரையறுத்துச் சொல்லிவிட்ட பிறகு இந்தச் சமாதானம் யாரிடம் எடுபடும்? அப்படிப்பட்ட ஒருவர் 27-ம் இரவில் முனாஜாத்தைக் கேட்டுத் தாடி நனைய அழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம் பாவம் கடல் என்கிறார். கடல் வேண்டாம், மூன்று சென்ட் மனையைப் பற்றி அவர் பேசட்டும்! அந்த மனையின் பத்திரம் பீரோவுக்குள் இருக்கும் வரை அவருடைய கண்ணீர் யாருக்கு ஆறுதல்? ராத்தாவுக்கு இல்லை, அவருக்கு மட்டும்தான்.

அவருடைய அழுகை பொய் என்று நாம் சொல்லவில்லை. உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. மெய்யான அழுகையும் பாதி வழியில் நின்றுவிடக் கூடும் என்பதே நம் கவலை. பாட்டு நமக்குத் தரும் அந்த லேசான உணர்வு, பயணம் முடிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தருகிறது. உண்மையில் அது வாசல்படி. கடந்து செல்ல வேண்டிய இடம்.

மறுமை நாளுக்குக் 'கைசேதத்தின் நாள்' என்றே ஒரு பெயர் திருமறையில் இருக்கிறது. அநியாயக்காரன் அன்று தன் கைகளையே கடித்துக்கொண்டு, தூதரோடு சேர்ந்து நல்வழி சென்றிருக்கக் கூடாதா என்று ஏங்குவான். 'அன்றைக்கே செய்திருக்கக் கூடாதா' என்ற அந்த ஏக்கம் பாடல்களிலும் அடிக்கடி வருவதுதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் நமக்கு இன்னும் கை இருக்கிறது, நேரம் இருக்கிறது, ராத்தாவின் வீட்டுக்கு வழியும் தெரியும்.

ஆகவே முனாஜாத்துகளை நிறுத்திவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. கேட்போம், நெஞ்சு உருகினால் உருகட்டும். பாட்டு முடிந்ததும் சற்று நேரம் மௌனமாக இருந்து, அணி எதுவுமில்லாமல், நமக்குத் தெரிந்த எளிய தமிழில் ஒரே ஒரு பாவத்தைப் பெயர் சொல்லி அல்லாஹ்விடம் ஒப்புக்கொள்வோம். அது மனிதருக்குச் செய்ததானால், விடிந்ததும் அந்த மனிதரின் வாசலுக்குப் போவோம். 'ராத்தா, உங்கள் பங்கு என்னிடம் இருக்கிறது' என்று சொல்ல எதுகையும் மோனையும் தேவையில்லை.

வல்ல நாயன் நம் நாவின் கைசேதத்தை நம் கைகளின் செயலாக ஆக்கி, உண்மையான தவ்பாவை நம் அனைவருக்கும் நஸீபாக்குவானாக! ஆமீன்.