வான்படமும் வாய்மையும்

'கண்டேன்' என்று ஒருவன் சொல்லும்போது அவன் உண்மையில் கண்டது யாது என வினவுவது வீண்வாதமன்று. சாட்சியத்தை நம்பி வாழும் சமுதாயம் கேட்டே தீர வேண்டிய கேள்வி அது. வானத்தைப் படமெடுக்கும் கலையில் இன்று அக்கேள்வி புதிய உருக்கொண்டு எழுந்திருக்கிறது.

கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்குள்ள வானாய்வு நிலையத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். இராஜமோகன் சிறுகோள் ஒன்றைக் கண்டறிந்தார். கணித மேதை இராமானுஜனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. வானம் புகைப்படப் பூச்சில் பதியப்பட்ட காலம் அது. கொடைக்கானலில் 1904 முதல் எடுக்கப்பட்ட சூரியப் படத் தகடுகள் பாதுகாக்கப்பட்டு, இன்று கணினிக்கும் ஏற்றப்பட்டுள்ளன. ஐயம் எழுந்தால் மூலத்திடமே திரும்பிச் சென்று வினவலாம்.

பிலிம் காலத்து ஆர்வலரின் உழைப்பு கடுமையானது. வழிகாட்டும் விண்மீனைக் குறுக்குக் கம்பியின் நடுவிலிருந்து நழுவவிடாமல் மணிக்கணக்கில் குளிரில் காத்திருப்பார். நெடுநேரம் விழும் மங்கிய ஒளியில் பிலிம் தன் கூர்மையை இழக்கும். நூறு ஒளித்துகள் விழுந்தால் இரண்டு மூன்றே பதியும். இரவு முழுவதும் பட்ட பாடு வீணானதா என்பது பிலிமைக் கழுவிய பின்னரே தெரியும்.

1969 இல் பெல் ஆய்வகத்தில் பாயில், ஸ்மித் இருவரும் வகுத்த சிசிடி என்னும் மின்னணுச் சில்லு இந்நிலையை மாற்றிற்று. நூற்றில் எண்பதுக்கு மேலும் அது பற்றிக்கொள்ள வல்லது. 2009 இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று ஓசூரின் ஆலை விளக்குகளும் பெங்களூரின் ஒளிமூட்டமும் சேர்ந்து பால்வீதியை மறைத்துவிட்டன. ஆயினும் மொட்டைமாடியில் நிற்கும் ஆர்வலர், ஹைட்ரஜனின் செந்நிற ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தி, மிருகசீரிடத்தின் ஒளிமுகிலைப் படமாக்கிவிடுகிறார். பல படங்களை ஒன்றன்மீது ஒன்றாக அடுக்கிச் சராசரி காண்கிறார், சில்லின் குறைகளைக் கழிக்கிறார், மங்கலைத் துலக்குகிறார்.

"கண் காணாததைக் காட்டும் படம் பொய்யன்றோ?" எனச் சிலர் கேட்பர். கண்ணே பிழையற்ற அளவுகோல் என்பது அக்கேள்வியின் உள்ளுறை. பதினோராம் நூற்றாண்டில் இப்னுல் ஹைஸம் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' நூலில் பார்வையின் பிழைகளுக்கென்றே ஒரு பாகம் உண்டு. மங்கிய ஒளியில் நம் கண் நிறம் அறியாது. பிலிமும் குற்றமற்றதன்று, இருட்டறையில் ஒளியைக் கூட்டியும் குறைத்தும் தந்த படங்கள் எத்தனை! எனவே பிலிம் மெய், டிஜிட்டல் பொய் என்று கோடு கிழிப்பது நீதியாகாது.

அப்படியாயின் கோடு எங்கே? ஹதீஸ் கலை வல்லுநர்கள் இதற்கு வழிகாட்டுகின்றனர். செய்தி பல கைகள் மாறி வந்தது என்பதற்காக மட்டும் அவர்கள் அதைத் தள்ளவில்லை. இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்னும் இஸ்னாதைக் கேட்டனர். இடையில் உள்ள கண்ணியை மறைப்பதைத் தத்லீஸ் எனக் கடிந்தனர். அறிவிப்பாளரின் சொந்தச் சொல் மூலத்துள் கலந்துவிட்டால் அதனை முத்ரஜ் எனப் பிரித்துக் காட்டினர். படத்திற்கும் இதுவே நீதி. அடுக்குவதும் கழிப்பதும் குற்றமல்ல. செய்ததை மறைப்பதே குற்றம். விலையுயர்ந்த கருவி இக்குற்றத்தைப் போக்காது. எளிய கேமராவும் தன் இஸ்னாதைச் சொன்னால் நம்பத்தக்கதே.

2023 இல் ஒரு கைபேசி எடுத்த நிலவுப் படங்களைப் பற்றிப் பெரும் சர்ச்சை மூண்டது. வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலவுப் படத்தை அதற்குக் காட்டியபோது, அப்படத்தில் இல்லாத நுணுக்கங்களையும் அது வரைந்து தந்தது. முன்பு பயின்ற நிலவுகளின் சாயலை இந்த நிலவின் வாயில் புகுத்திய செயல் அது. முத்ரஜ் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இது பொழுதுபோக்காளரின் சிக்கல் மட்டுமன்று. 2013 ஜூலை 8 அன்று தியரி லெகோ என்பவர், எந்தக் கண்ணும் காணவியலாத அமாவாசைக் கணத்திலேயே பிறைக்கீற்றை டிஜிட்டல் கேமராவில் பதித்தார். அது பிறை காண்பதாகுமா என்பதை மார்க்கச் சட்ட வல்லுநர்கள் ஆய்வர். அதற்கு முற்பட்ட கேள்வியோ நம் அனைவருக்கும் உரியது. பிறை பார்த்ததாக ஓர் இளைஞர் கைபேசியை நீட்டும் மாலை நம் ஊர்களிலும் வரும். திரையில் தெரிவது வானத்தின் பிறையா, கருவியின் நினைவிலுள்ள பிறையா என்பதை அவரே அறியாதிருக்கலாம். அவர் பொய்யரல்லர், ஆயினும் அவர் நீட்டுவது சாட்சியமாகாது.

ஆகவே வானைப் படமெடுப்போர் மூலப்பதிவை அழியாது காக்கட்டும். எத்தனை படங்களைச் சேர்த்தேன், எதனைக் கழித்தேன், எந்நிறத்தை நானே தெரிந்திட்டேன் என்பதைப் படத்தின் கீழே எழுதட்டும். பார்ப்போரும் அழகை வியக்கும் முன் அவ்வரிகளைத் தேடிப் படிக்கட்டும்.